கிழியாத தசைக்குக் கைதட்டல் கிடையாது

ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொள்வதுதான் என் தொழில். ஒன்றும் நடக்காததால் நான் ஒன்றுமே செய்யவில்லை என்று மற்றவர்கள் முடிவு கட்டுவது அந்தத் தொழிலின் தலையெழுத்து. தொண்ணூறுகளின் நடுவில், பெங்களூரில் ஒரு கல்லூரியில், விளையாட்டுப் பிள்ளைகளுக்கு உடல்வலுப் பயிற்சி கொடுக்கிறவனாகச் சேர்ந்தேன். ஆட்டம் சொல்லிக்கொடுக்க வேறு கோச் உண்டு. ஆடுகிற உடம்பு ஆட்டத்தைத் தாங்குகிற மாதிரி தயார் செய்வது என் பொறுப்பு. பளு தூக்க வைப்பேன், குதிக்க வைப்பேன், தசையை இழுத்து நீட்ட வைப்பேன், போதும் சார் என்று கெஞ்சும்போது இன்னும் ஒரே ஒரு தடவை என்று பொய் சொல்வேன்.

தான் பார்க்கிற வேலை என்னவென்று சொந்தக்காரர்களுக்குப் புரியவைக்க முடியாமல், கல்யாண வீட்டில் முதல் பந்தியிலேயே சாப்பிட்டு நழுவுகிற ஆளா நீங்கள்? அப்படியானால் பக்கத்தில் வந்து உட்காருங்கள். நாம் ஒரே கட்சி.

லைப்ரரியில் ஒரு பயில்வான்

எங்கள் கல்லூரியில் உடல்வலுப் பயிற்சியாளர் என்று ஒரு பதவியே கிடையாது. லைப்ரரி உதவியாளர் இடம் மட்டும் காலியாக இருந்தது. ஆபீஸ் சூப்பரிண்டெண்ட் ராமமூர்த்தி சார் என்னை அதில் செருகிவிட்டார். மூன்று தலைமுறைக்கு முன்பே மைசூர் சர்க்கார் உத்தியோகத்துக்கு வந்து தங்கிவிட்ட குடும்பம் அவருடையது. பேசுவது தமிழில், கோபப்படுவது கன்னடத்தில். அன்றைக்குத் தமிழில்தான் பேசினார் என்பதால் நான் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டேன்.

லைப்ரரியன் ஸ்டெல்லா மேடம் காக்ஸ் டவுன்காரர். வருஷக்கணக்காக ஒரு உதவியாளருக்காகக் காத்திருந்தவர். டிராக் பேன்ட், கழுத்தில் விசில், இந்தக் கோலத்தில் போய் நின்றவனை மேலும் கீழும் பார்த்தார். என் உண்மையான வேலை என்னவென்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, அலமாரியின் உச்சியிலிருந்த பழைய பத்திரிகைக் கட்டு ஒன்றைக் காட்டி, அதை மட்டும் இறக்கிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார். என் தொழிலின் மகிமையை நிரூபிக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது என்று, ஏணியைத் தள்ளி வைத்துவிட்டு, கால்களை அகட்டி, மூச்சை இழுத்து, ஒரே இழுப்பாக இழுத்தேன். கட்டு வந்தது. கூடவே அலமாரியும் வந்தது. தூசி அடங்கிய பிறகு ஸ்டெல்லா மேடம் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு சொன்னார்: "பலம் இருக்கு தம்பி, ஒத்துக்கறேன். நீங்க கிரவுண்டுலயே இருந்துக்குங்க."

பாஷா பாயின் சக்கரங்கள்

பளு தூக்க வேண்டுமென்றால் பளு வேண்டுமே. கடையில் வாங்க கல்லூரி ஒத்துக்கொள்ளவில்லை. அடுகோடியில் லேத் பட்டறை வைத்திருந்த பாஷா பாயிடம் போய், ஒரு நீளக் கம்பியும் அதன் இரண்டு முனையிலும் மாட்ட இரும்புச் சக்கரங்களும் கடைந்து தரச் சொன்னேன். பளபளவென்று செய்து கொடுத்தார். பெண்கள் ஹாக்கி டீமை வரவழைத்துப் பயிற்சியை ஆரம்பித்தேன். கம்பியைத் தூக்கிய ஒவ்வொரு பெண்ணும் இடது பக்கமாகச் சாய்ந்தாள்.

நான் சும்மா இருப்பேனா? டீம் முழுக்க இடது பக்கம் பலவீனம் என்று கண்டுபிடித்தேன். பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பக்கம் சாய்ந்து எழுதுவதால் வருகிற கோளாறு என்று போர்டில் படம் போட்டு விளக்கினேன். இடது கைக்கும் இடது காலுக்கும் தனிப் பயிற்சி வைத்தேன். பிறகு ஒருநாள் யாரோ கம்பியைத் துடைத்துத் திருப்பி வைத்துவிட்டார்கள். அன்றைக்கு எல்லோரும் வலது பக்கம் சாய்ந்தார்கள். அப்போதும் எனக்குப் பெண்கள் மேல்தான் சந்தேகம் வந்ததே தவிர சக்கரத்தின் மேல் வரவில்லை. கடைசியில் பழைய பேப்பர் கடைத் தராசில் வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் எக்கச்சக்க வித்தியாசம். ஒன்று கட்டி இரும்பு, மற்றது ஏதோ மிஷினிலிருந்து கழற்றிய, உள்ளே குடைந்த இரும்பு. கோபமாகப் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பாஷா பாய் இரண்டையும் சேர்த்து வைத்து, விளிம்பைத் தடவிக் காட்டினார். "சைஸைப் பாருங்க சார், ஒரு நூல் பிசகாது. வெயிட்டும் ஒண்ணா இருக்கணும்னு நீங்க சொல்லவேயில்லையே."

மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம்?

பெண் பார்க்கப் போனோம். பெண்ணின் அப்பா சர்க்காரில் பெரிய வேலை பார்த்து ரிடையர் ஆனவர். அந்தச் சமயம் ஊரில் மாப்பிள்ளை என்றால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும் என்ற பேச்சு ஆரம்பித்திருந்தது. நான் தசை, தசைநார், ஓய்வு, சத்து என்று ஒரு சொற்பொழிவே நிகழ்த்தினேன். என் அம்மா தலையைக் குனிந்துகொண்டு கேசரியைப் பார்த்தபடி இருந்தாள். அவர் யோசித்து யோசித்து, பிள்ளைகள் விளையாடுவதற்கு முன்னால் நான் அவர்களை வேறு ஏதோ விளையாட வைக்கிறேனா என்று கேட்டார். இல்லை என்று சொல்லவும் முடியவில்லை. கடைசியில் சம்பளச் சீட்டில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது. கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குக் கீழே லைப்ரரி என்றே அச்சாயிற்று.

கல்யாணத்துக்கு ஸ்டெல்லா மேடம் பட்டுப்புடவையில் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். மாமனார் பயபக்தியோடு போய், மாப்பிள்ளை வேலையில் எப்படி என்று விசாரித்தார். மேடம் என்னைக் காப்பாற்றினார் என்றுதான் இன்று வரை நினைத்துக்கொண்டிருக்கிறேன். "நம்ம டிபார்ட்மென்ட் பையன்தான், தங்கம். புஸ்தகம் மட்டும் எடுக்கச் சொல்லாதீங்க."

மாடியில் இடி

எங்களுக்குக் கொடுத்த அறை இரண்டாவது மாடியில் இருந்தது. ஒரு காலத்தில் ஜியாலஜி வகுப்புக்காகக் கல்லும் மண்ணும் காட்சிக்கு வைத்திருந்த அறை; அந்தப் படிப்பையே மூடிவிட்டதால் யாருக்கும் வேண்டாமல் கிடந்தது. பளு தூக்கும் இடத்தை மாடியில் வைப்பதைப் போல ஒரு முட்டாள்தனம் கிடையாது. வேறு இடம் இல்லாததால் அதற்கும் நன்றி சொல்லி ஏற்றுக்கொண்டேன். எங்களுக்கு நேர் கீழே எகனாமிக்ஸ் வகுப்பு. நாங்கள் கம்பியைக் கீழே வைக்கும்போதெல்லாம் அங்கே லெக்சரர் தலையில் சுண்ணாம்பு உதிரும். பணவீக்கம் என்று அவர் எழுதும் நேரம் பார்த்து ஒருநாள் ஒரு பத்தையே விழுந்துவிட்டது.

பிரின்சிபால் கூப்பிட்டனுப்பினார். பிசிக்ஸ் புரொபசர், நல்ல மனிதர், கணக்கு கேட்கிற மனிதர். அட்மிஷனுக்கு வருகிற பெற்றோர் எல்லாம் கம்ப்யூட்டர் லேப் எங்கே என்றுதான் முதலில் கேட்கிறார்கள், அதற்கு எங்கள் அறைதான் தோது என்றார். என் பயிற்சியால் கல்லூரிக்கு என்ன லாபம் என்று காட்ட எனக்கு அந்த வருஷத்து இன்டர்காலேஜ் ஹாக்கி வரை அவகாசம். கப் வந்தால் அறை இருக்கும். வராவிட்டால் அறையும் போகும், லைப்ரரி உதவியாளர் இடத்துக்கு உண்மையாகவே ஒரு லைப்ரரி உதவியாளர் வருவார். வீட்டில் அப்போது மனைவி மாசமாக இருந்தாள். நாங்கள் அறையில் பாடுபடுவதையெல்லாம் சொல்லி மன்றாடினேன். அவர் அமைதியாகச் சொன்னார்: "நீங்க பண்றது கீழ இருக்கறவங்களுக்கெல்லாம் கேக்குது. ஆனா யாருக்கும் தெரியமாட்டேங்குதே."

ரீட்டாவின் தோள்

டீமில் ரீட்டா என்று ஒரு பெண். நடுவில் நின்று ஆட்டத்தையே தாங்குகிறவள். முந்தின வருஷ ஃபைனலில், நான் வருவதற்கு முன்னால், ஓடும்போதே தொடைத் தசை கிழிந்து விழுந்துவிட்டாள். ஸ்ட்ரெச்சர் இல்லாததால் வகுப்பு பெஞ்சில் படுக்க வைத்துத் தூக்கிப் போனார்களாம். அவளை மறுபடியும் ஓடவைக்க நான் பட்ட பாட்டைவிட அவள் பட்ட பாடு அதிகம். பளு தூக்கத் தொடங்கியபின் அவள் காலும் தேறியது, நடையும் நிமிர்ந்தது, தோளும் அகன்றது.

ஒருநாள் அவள் அம்மா மாடியேறி வந்தார். விவேக் நகரில் கோயில் வாசலில் மெழுகுவர்த்திக் கடை வைத்திருப்பவர். கையில் ஒரு பை. அதிலிருந்து பச்சைப் பட்டு ஜாக்கெட் ஒன்றை எடுத்து என் முன்னால் பிரித்துப் போட்டார். அக்கா கல்யாணத்துக்கு ரீட்டாவுக்குத் தைத்ததாம். டெய்லர் இரண்டு முறை பிரித்துத் தைத்தும் தோளில் ஏறவில்லையாம். பொம்பளைப் பிள்ளை இப்படியே போனால் நாளைக்கு யார் கட்டிக்கொள்வான் என்று கேட்டார். நான் தொடைத் தசைக்கும் தோளுக்கும் உள்ள சம்பந்தத்தை விவரமாக எடுத்துச் சொன்னேன். உடம்பு என்பது ஒன்றுதான், பாகம் பாகமாகப் பலப்படுத்த முடியாது என்றேன். அவர் ஜாக்கெட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "பலம் குடுங்க சார், வேணாங்கல. என் பொண்ணு நொண்டாம நடக்கறதே நீங்க பண்ண புண்ணியம். தோள்ல மட்டும் கொஞ்சம் கொறச்சுக் குடுங்க."

தீராத ஸ்ப்ரே

முன்பெல்லாம் ஒரு டோர்னமென்ட் முடிந்தால் முதலுதவிப் பெட்டி காலி. வலிக்கு அடிக்கிற ஸ்ப்ரே பாட்டில்கள் வாங்கி மாளாது. நான் வந்த பிறகு பெட்டி அப்படியே இருந்தது. இதுதான் என் வெற்றிக்கு அத்தாட்சி என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு ராமமூர்த்தி சாரிடம் போனேன். இதைப் பிரின்சிபாலிடம் எடுத்துச் சொல்லுங்கள் என்றேன்.

அவர் ஒவ்வொரு பாட்டிலாக வெளிச்சத்தில் பிடித்து, காலாவதியாகிவிட்டதா என்று பார்த்தார். எல்லாம் ஆகியிருந்தது. கோபம் கன்னடத்தில் வந்தது. எனக்கு விளங்கியவரை, வாங்கிய சாமானை உபயோகப்படுத்தாதவனுக்கு இனி சாமானே கிடையாது என்பது சாரம். காலாவதியானதையெல்லாம் குப்பையில் போடச் சொல்லி, ஸ்ப்ரே வாங்குவதையே அதோடு நிறுத்திவிட்டார். அப்புறம் தணிந்து தமிழுக்குத் திரும்பினார்: "நீ வர்றதுக்கு முன்னாடி கோச் மாசா மாசம் வந்து நிப்பான், ஸ்ப்ரே குடு, பேண்டேஜ் குடுன்னு. அவன் வேலை செஞ்சான்னு எங்களுக்குத் தெரிஞ்சுது. நீ என்னதான்பா பண்றே?"

ஃபைனல்

ஃபைனலுக்கு வந்துவிட்டோம். எதிர் டீம் பெண்கள் இரண்டாவது பாதியில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். எங்கள் பெண்கள் ஓடினார்கள், ஓடிக்கொண்டே இருந்தார்கள். ஒருத்தியும் நொண்டவில்லை. பந்து கோலுக்குள் போகவில்லை, அவ்வளவுதான். ஒரு கோல் பின்தங்கியிருந்த நிலையில், முடிய ஒன்றிரண்டு நிமிஷம் இருக்கும்போது எங்களுக்குப் பெனால்டி ஸ்ட்ரோக் கிடைத்தது. கோல்கீப்பர் ஒருத்தியைத் தாண்டினால் போதும். ரீட்டா பந்து முன்னால் போய் நின்றாள். நான் கொடுத்த பலம் முழுவதையும் திரட்டித் தூக்கி அனுப்பினாள். கீப்பர் தலைக்கு மேலே, கம்பத்துக்கும் மேலே, பின்னாலிருந்த வேலிக்கும் மேலே பந்து போயிற்று. அந்தத் தோளைக் கொஞ்சம் குறைத்துக் கொடுத்திருக்கலாமே என்று அவள் அம்மாவை நினைத்துக்கொண்டேன்.

தோற்றுவிட்டோம். நான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தண்ணீர் பாட்டில்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்தது, மறைக்க விரும்பவில்லை. ரீட்டா வந்து என் கையிலிருந்த பாட்டில்களை வாங்கிக்கொண்டாள். "போன வருஷம் என்னத் தூக்கிட்டுப் போனாங்க சார். இந்த வருஷம் தோத்துட்டு நானே நடந்து போறேன்ல?"

ஷோகேஸ்

மறுநாள் பிரின்சிபால் அறையில் நின்றேன். டீமில் ஒருத்திக்குக்கூடக் காயமில்லை, போன வருஷம் பாதிப் பேர் கட்டுப் போட்டிருந்தார்கள், இதுதான் சார் என் பயிற்சியின் பலன் என்றேன். பேசப் பேச எனக்கே அது சப்பையாகத் தோன்றியது. அவர் சுவரோரம் இருந்த கண்ணாடி அலமாரியைத் திரும்பிப் பார்த்தார். பழைய கப்புகள் வரிசையாக இருந்தன. "சந்தோஷம்தான். ஆனா யாருக்கும் அடிபடலங்கறத நான் இதுல எந்தத் தட்டுல வைக்கறது?"

கம்ப்யூட்டர் வந்தது

பளு, கம்பி எல்லாவற்றையும் சைக்கிள் ஸ்டாண்டின் ஒரு மூலைக்கு இறக்கினோம். என் பதவியைப் பற்றிய முடிவு திறப்பு விழா முடிந்ததும் என்றார்கள். விழாவுக்கு முந்தின நாள் மத்தியானம் லாரி வந்தது. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் ஒவ்வொன்றும் ஒரு மாவு கிரைண்டர் கனம். கூடவே பேட்டரிப் பெட்டிகள் வேறு. இறக்க வந்த ஆட்கள் மாடிப்படியைப் பார்த்தார்கள், பெட்டிகளைப் பார்த்தார்கள், கூலி பேசியது வாசல் வரைக்கும்தான் என்று சொல்லிக் கிளம்பிவிட்டார்கள்.

ராமமூர்த்தி சார் என்னிடம் ஓடி வந்தார். என் பிள்ளைகளைக் கொண்டு ஏற்றித்தர வேண்டுமாம். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. எங்களை வெளியே தள்ளுகிற சாமானை நாங்களே சுமந்து கொண்டுபோய் வைக்க வேண்டுமா, முடியாது என்று சொல்லத்தான் போனேன். போய்ப் பார்த்தால் ரீட்டாவும் மற்றவர்களும் ஏற்கெனவே லாரியடியில் நின்றார்கள். பெட்டியை ஒட்டி நின்று, முட்டியை மடக்கி, முதுகை நிமிர்த்தி, மூச்சை அடக்கி, நான் கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்ததை ஒன்றுவிடாமல் செய்தார்கள். சாயங்காலத்துக்குள் அத்தனையும் மேலே போய்விட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வழக்கம்போல யாரும் அதைக் கவனிக்கவும் இல்லை.

விழாவன்று சேர்மன் வந்தார். போட்டோகிராபர், கடைசிப் பெட்டியைப் பிரின்சிபாலே தூக்கி மேஜையில் வைப்பது போல ஒரு படம் வேண்டும் என்றான். நான் கூட்டத்தின் பின்னாலிருந்து, முட்டியை மடக்குங்கள் என்று கையால் ஜாடை காட்டினேன். அவர் நான் டாட்டா காட்டுகிறேன் என்று நினைத்துப் புன்னகை செய்துவிட்டு, காலை நேராக வைத்துக்கொண்டு இடுப்போடு குனிந்து, வெடுக்கென்று தூக்கினார். ஒரு சத்தம் வந்தது. குனிந்தவர் குனிந்தபடியே இருந்தார். தன் காலைத் தொட வருகிறார் என்று நினைத்த சேர்மன், அதெல்லாம் வேண்டாம், வேண்டாம் என்று பின்னால் நகர்ந்தார். ரீட்டாதான் முதலில் புரிந்துகொண்டாள். பெஞ்சைக் கொண்டுவந்து, பிரின்சிபாலை ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஹாக்கி டீம் அலுங்காமல் இரண்டு மாடி இறக்கியது. கீழே ராமமூர்த்தி சார் காலி முதலுதவிப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஒரு பாட்டில் ஸ்ப்ரேகூடவாப்பா மிச்சம் வெக்கல?"

சைக்கிள் ஸ்டாண்ட்

பிரின்சிபால் சில வாரம் லீவில் இருந்தார். என் கதை என்ன ஆகும் என்று தெரியாமல், சைக்கிள்களுக்கு நடுவே பயிற்சியை நடத்திக்கொண்டிருந்தேன். ஒருநாள் காலை, முதல் பெல்லுக்கு ரொம்ப முன்னால், வெள்ளை கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு அவர் வந்து நின்றார். இடுப்பில் பெல்ட். முதுகுத் தசையைப் பலப்படுத்தாவிட்டால் இதே மாதிரி மறுபடியும் பிடித்துக்கொள்ளும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அதைச் சொல்லிக்கொடுக்க நம் கல்லூரியிலேயே ஆள் இருக்கிறதாக டாக்டரிடம் பெருமையாகச் சொன்னாராம்.

பளு இல்லாத வெறும் கம்பியைக் கொடுத்தேன். பக்கத்தில் ரீட்டா நின்று, முட்டி சார், முட்டி, என்று அவரைத் திருத்தினாள். வேர்த்து விறுவிறுத்து முடித்த பிறகு, என் இடத்துக்கு வேறு ஆள் போடப்போவதில்லை, லைப்ரரி உதவியாளராகவே இருக்கலாம் என்றார். எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. அவர் முதுகை நினைத்து விட்டுவிட்டேன். அறையைப் பற்றி மெல்ல ஆரம்பித்தேன். அவர் கம்பியை, முட்டியை மடக்கி, பத்திரமாகக் கீழே வைத்தார். "ரூமைப் பத்தி மட்டும் பேசாதீங்க. என்னால இனிமே மாடியேற முடியாது."

ஆக, இத்தனை வருஷ சர்வீஸில் உடல்வலுப் பயிற்சியின் அருமையைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபித்த ஒரே தசை, அதுவரை என் பயிற்சிப் பக்கமே எட்டிப் பார்க்காத பிரின்சிபாலின் முதுகுத் தசைதான்.